டெர்பினாஃபின் கொடுத்தும் படர்தாமரை திரும்பி வருகிறது: மழைக்காலத்தில் எதை மாற்றுவது?

பெகுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பர்மாவில் எங்கள் கோயில் மண்டபத்தில் வாரம் ஒருநாள் நடக்கும் இலவச வைத்திய முகாமில் மருந்து மேசை என் பொறுப்பு. தோல் டாக்டர் மாதம் இரண்டு முறைதான் வருவார். மற்ற வாரங்களில் பொது டாக்டர் எழுதுவதைக் கொடுக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குப் படர்தாமரைதான், அதுவும் போன மாதம் வந்த அதே முகங்கள். ஒரு குடும்பத்தை மாதிரியாக வைத்துக் கேட்கிறேன்.

அப்பாவுக்கு வயது 42, எடை 64 கிலோ, டீக்கடை அடுப்படியில் வேலை. இரண்டு தொடையிடுக்கு, பிட்டம், கைலி முடிச்சு உட்காரும் இடுப்புச் சுற்று எல்லாம் படை. மூன்று மாதமாகிறது. முதல் மாதம் கடையில் கொடுத்த ஏதோ ஒரு கிரீம். பிறகு பூஞ்சைக்கான டெர்பினாஃபின் மாத்திரை 250 மில்லிகிராம் தினம் ஒன்று வீதம் 14 நாள், கூடவே கிளோட்ரிமசோல் 15 கிராம் டியூப் ஒன்று. அரிப்பு நின்றது. நிறுத்திய பத்தாம் நாள் ஓரம் சிவந்து மறுபடி படர்ந்துவிட்டது. அம்மாவுக்கு இடுப்பிலும் மார்புக்குக் கீழ் மடிப்பிலும் இருக்கிறது. மகனுக்கு 6 வயது, 18 கிலோ. தலையில் முடி உடைந்து செதில் விடும் திட்டு ஒன்று.

இது மருந்துக்கு மசியாத பூஞ்சையா? இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்துக்கு மாற்றினால் எவ்வளவு, எத்தனை நாள்? மண்டபத்தில் ஒரு பழைய நுண்ணோக்கி கிடக்கிறது, சுரண்டிப் பார்க்கும் சோதனையை நாங்களே செய்யலாமா? துணியைச் சூடான தண்ணீரில் துவைக்கச் சொல்கிறார்கள். கரண்ட் எப்போது வரும் போகும் என்று தெரியாத வீட்டில் அதை எப்படிச் சொல்வது?


தோல்பக்கம் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஒற்றை 15 கிராம் டியூப்.

பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை கிரீமைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். படையின் ஓரத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் நல்ல தோலிலும் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் வட்டத்தைத் தாண்டித்தான் இருக்கும். அப்படிக் கணக்கிட்டால் இவருக்கு 8 உள்ளங்கையாவது வரும். ஒரு தடவைக்கு 2 கிராம், காலையும் இரவுமாக நாளுக்கு 4 கிராம். உங்கள் டியூப் நாலு நாள்கூட வராது. நாலு வாரத்துக்கு 112 கிராம், அதாவது எட்டு டியூப் வேண்டும். ஒன்று கொடுத்தால் மனிதர் என்ன செய்வார்? அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைப்பார். நடுவில் ஆறும், ஓரம் நடந்துகொண்டே போகும். எட்டு டியூப் கொடுக்க முகாமில் வசதி இல்லையென்றால், கிரீமை இடுக்குக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு பிட்டத்துக்கும் இடுப்புக்கும் விட்ஃபீல்டு களிம்பு கொடுங்கள். பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம் சேர்ந்த பழைய சரக்கு. விலை குறைவு, தடித்த தோலில் நன்றாக வேலை செய்யும். இடுக்கில் போட்டால் எரியும், அங்கே வேண்டாம்.

படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். ஆள் பூசுவதை நிறுத்துவது அரிப்பு நின்ற நாளில்தான். அரிப்பு முதல் வாரத்திலேயே நின்றுவிடும், பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் சாகாது.

அடுத்தது மசியாத பூஞ்சை. அப்படி ஒரு வகைக்கு டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனிப் பெயர் வைத்தார்கள். இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளிலிருந்து பிரித்தறிந்தது. பூஞ்சை தன் உயிரணுச் சுவரை ஒட்டிய சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைச் செய்துகொள்கிறது. அந்தச் செய்கையில் ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் என்ற நொதி ஒரு படி. டெர்பினாஃபின் பிடிப்பது அந்த நொதியைத்தான். இந்த வகையில் பலவற்றில் அந்த நொதியின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் போயிருக்கிறது, மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. இட்ராகோனசோல் அதே பாதையில் வேறொரு நொதியைத் தடுப்பதால் பெரும்பாலும் பலிக்கிறது.

ஆனால் உங்கள் ஆளுக்கு அரிப்பு நின்றிருக்கிறது, ஓரம் அடங்கியிருக்கிறது. அப்படியானால் மருந்து ஓரளவு கேட்டிருக்கிறது, 14 நாள்தான் போதவில்லை என்றும் வாசிக்கலாம். நான் செய்வது இது: சுரண்டிப் பார்த்துப் பூஞ்சை உறுதியானால், டெர்பினாஃபின் 250 தினம் ஒன்று, சரியான அளவு கிரீமோடு, நாலு வாரம். இரண்டாம் வார முடிவில் ஓரம் துளியும் தட்டையாகவில்லை என்றால் நாலு வாரம் வரை இழுக்காமல் இட்ராகோனசோல் 100 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று. நாலு முதல் எட்டு வாரம். 500 மில்லிகிராம் டெர்பினாஃபின் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நொதியே மாறிப் போன இடத்தில் அளவைக் கூட்டி என்ன பயன்?

இட்ராகோனசோல் எழுதும் முன் கேட்க வேண்டியவை: இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவரா (அவருக்குக் கூடவே கூடாது), கல்லீரல் நோய் உண்டா, கர்ப்பமா. அம்மாவுக்குக் கொடுப்பதானால் சிறுநீர்க் கர்ப்பச் சோதனை செய்துவிட்டுத்தான். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் சேரக் கூடாது, தசை உடைந்து சிறுநீரகம் வரை போகும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு இட்ராகோனசோல் இரத்தத்தில் நிற்கவே நிற்காது, கொடுத்தும் கொடுக்காததுபோல. எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கும் அளவு இறங்கும். ஒரு மாதத்துக்கு மேல் போனால் கல்லீரல் இரத்தச் சோதனை ஒன்று.

அம்மாவின் மார்புக்குக் கீழ் உள்ளது படர்தாமரைதானா என்று பாருங்கள். மடிப்பின் ஆழத்திலேயே பளபளவென்று சிவந்து, சுற்றிலும் தனித்தனிப் பொட்டாகச் சிறு கொப்புளம் சிதறியிருந்தால் அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை. அதற்கு டெர்பினாஃபின் மாத்திரை உதவாது, கிளோட்ரிமசோலும் உலர வைத்தலும் போதும். கையோடு சர்க்கரையும் பாருங்கள்.


மொகல்தெரு மருந்துமேசை எழுதியது:

அண்ணே, அந்த "ஏதோ ஒரு கிரீம்" டியூப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவரும் வரை மற்றதெல்லாம் ஊகம்தான்.

இங்கே கடைகளில் அரிப்பு என்றதும் எடுத்து நீட்டுவது மூன்று மருந்து கலந்த கிரீம். ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு ஸ்டீராய்டு. பெயரின் கடைசி எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள், கிளோட்ரிமசோலும் குளோபெட்டசோலும் ஒன்றுபோலத்தான் முடியும். கிளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், இவை பூஞ்சை மருந்து. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், டெக்சாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், டிரையாம்சினோலோன், இதில் ஒன்று பெட்டியில் இருந்தாலும் அது ஸ்டீராய்டு கிரீம். இந்தப் பெயர்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். பர்மிய எழுத்திலும் எழுதுங்கள்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்றால், பூஞ்சையை எதிர்க்கும் அழற்சியை அடக்குகிறது. சிவப்பு மங்கும், அரிப்பு ஒரே இரவில் போகும், வாங்கியவருக்கு அது தெய்வ மருந்து. அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. வட்டமும் ஓரமும் கலைந்து, வளையத்துக்குள் வளையமாக, முகப்பரு மாதிரிச் சிறு கொப்புளத்தோடு, பார்த்தால் படர்தாமரை என்றே சொல்ல முடியாத உருவத்துக்கு வந்துவிடும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து பிள்ளை பெற்ற வயிற்றில் வருவதுபோல வரி விழும். அந்த வரி திரும்பிப் போகாது.

நிறுத்தினால் ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பைவிடச் சிவந்து அரிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் "உங்கள் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பழைய டியூப்புக்கே போவார்கள். செட்டிரிசின் 10 மில்லிகிராம் இரவில் ஒன்று, வெறும் வாசலின் மெல்லியதாக, அவ்வளவு போதும். ஓரிரு மாதம் பூசியவர் ஸ்டீராய்டை அன்றே நிறுத்தலாம்.

பேச்சில் ஒரு தொல்லையும் உண்டு. பர்மியத்தில் படர்தாமரைக்கு "ப்வே", சொறிக்கு "வெ". கூட்டத்தில் ஒன்று மற்றொன்றாகக் காதில் விழுகிறது. சொறிக்குக் காரணம் சிறு பூச்சி, அதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீதம் கழுத்திலிருந்து கால்வரை இரவு பூசி, ஏழு நாள் கழித்து இன்னொரு தடவை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, ஆண்களுக்குக் குறியின் மேல் பார்த்தால் தெரிந்துவிடும். வாயால் சொன்னதைக் கேட்டு மருந்து எடுக்காமல் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இட்ராகோனசோல் காப்ஸ்யூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். டீக்கடை ஆட்கள் காலையில் வெறும் டீயோடு விழுங்குவார்கள், பாதி மருந்து வீண். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் தினமும் எடுப்பவருக்கு இன்னும் மோசம். நிறுத்த முடியாது என்றால் காப்ஸ்யூலை ஒரு கிளாஸ் கோலாவோடு கொடுக்கலாம். அமில முறிவு மாத்திரையோ திரவமோ எடுத்தால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் காப்ஸ்யூல், அல்லது அதன்பின் இரண்டு மணி நேரம் கழித்து. காப்ஸ்யூலுக்குள் இருப்பது மருந்து பூசிய சிறு உருண்டைகள். உருண்டையின் தரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதனால் ஒரு ஆளுக்கு நடுவில் பிராண்டை மாற்றாதீர்கள்.

கீட்டோகோனசோல் மாத்திரை மட்டும் கொடுக்கவே வேண்டாம். கல்லீரலைக் கெடுக்கிறது என்று ஐரோப்பாவில் 2013-இலேயே அதைப் பூஞ்சைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மலிவாகக் கிடைப்பதால் இங்கே இன்னும் கேட்டு வருகிறார்கள். ஷாம்புவாகவோ கிரீமாகவோ இருந்தால் பயமில்லை.


கண்ணாடிச்சில்லு எழுதியது:

ஆய்வகத்தில் சுரண்டிப் பார்க்கும் சோதனையைத் தினமும் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். செய்யலாம், கடினமில்லை. கெடுவது பெரும்பாலும் சுரண்டும் இடத்தில்தான்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 கிராம், வடித்த தண்ணீர் 100 மில்லி. தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடிப் பாட்டிலை அது அரிக்கும், மூடியும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடில்) சீக்கிரம் காயாது. நகத்துக்கு 20 சதவீதம் வேண்டும்.

இடத்தை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். களிம்பு, பவுடர், தனக்கா (இங்கே தோலில் பூசும் மரப்பட்டைச் சாந்து) எல்லாம் போக வேண்டும், இல்லாவிட்டால் சில்லில் எண்ணெய்த் துளியைத்தான் பார்ப்பீர்கள். மழுங்கிய கத்தி அலகாலோ இன்னொரு சில்லின் விளிம்பாலோ சுரண்டுங்கள். வட்டத்தின் நடுவில் எடுப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, அங்கே பூஞ்சை முடிந்து போன கதை. மேடாகச் சிவந்த ஓரத்தில், உள்ளிருந்து வெளிநோக்கி. செதில் நாலைந்து போதும். ஒரு துளி கரைசல், மேலே மெல்லிய மூடி, 10 முதல் 20 நிமிடம் காத்திருங்கள். அவசரமென்றால் விளக்குச் சூட்டில் லேசாகக் காட்டலாம். கொதிக்க விட்டால் படிகம் படிந்து எல்லாம் கெட்டுவிடும்.

நுண்ணோக்கியில் கண்டென்சரை (தட்டுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் வில்லை) இறக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். 10 மடங்கு வில்லையில் தேடி 40-இல் உறுதி செய்யுங்கள். பூஞ்சை இழை ஒரே தடிமனாக, குறுக்குச் சுவரோடு, கிளைவிட்டு, தோல் அணுக்களின் எல்லையை வெட்டிக்கொண்டு குறுக்கே போகும். அணுக்களின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வலைமாதிரித் தெரிவது பூஞ்சையல்ல. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதில் விழுவார்கள். பருத்தி நூல் தடிமன் மாறி மாறி முறுக்கிக்கொண்டு இருக்கும், கிளை இராது.

பூஞ்சைக் கிரீம் பூசியிருந்தால் ஒரு வாரமாவது நிறுத்திவிட்டு எடுங்கள். ஸ்டீராய்டு மட்டும் பூசியவருக்குக் காத்திருக்கத் தேவையில்லை, சில்லு நிறைய இழை இருக்கும்.

சில்லில் இழை தெரிவதால் எந்த வகைப் பூஞ்சை என்று சொல்ல முடியாது. மேலே அண்ணன் சொன்ன இன்டோட்டினியேயை வளர்த்துப் பார்த்தாலும் அதன் உறவுக்காரர்களிலிருந்து உருவத்தால் பிரிக்க இயலாது, மரபணு வரிசை பார்க்க வேண்டும். முகாமுக்கு அது எட்டாது, தேவையும் இல்லை. இரண்டாம் வாரம் ஓரம் அடங்கியதா என்பதே உங்கள் சோதனை. ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் கோடிட்டு, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.


ஈரத்துணி எழுதியது:

துவைப்பது பற்றி. 60 டிகிரி என்றால் பலரும் துணியைக் கொதிக்க வைக்கிறார்கள், கைலி சாயம் போய்விடுகிறது, அடுத்த வாரம் விட்டுவிடுகிறார்கள். வெப்பமானி வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் 3 பங்கு, குழாய்த் தண்ணீர் 2 பங்கு. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்தால் 70 சொச்சம் வரும். துணியும் வாளியும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், 60-க்கு மேல் நிற்கும். சோப்புத்தூள் போட்டு மூடி அரை மணி ஊற வைக்கட்டும். சரிபாதி கலந்தால் 64-தான் வரும், துணி போட்டதும் இறங்கிவிடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொதிநீர் வாளியைத் தரையில் விடக் கூடாது.

எல்லாத் துணிக்கும் வேண்டாம். உடலோடு ஒட்டுவது மட்டும்: கைலி, உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு. படை இருக்கிறவர் துணியை மற்றவர் துணியோடு ஒரே கூடையில் ஈரமாகக் குவித்து வைப்பதுதான் வீடு முழுக்கப் பரப்புகிறது. உதிரும் செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஜூன், ஜூலையில் வெயிலில் காயவைக்கச் சொல்வது கேலியாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இஸ்திரி. கரண்ட் இல்லையென்றால் கரி இஸ்திரிப் பெட்டி. இடுப்புப் பட்டை, தையல் மடிப்பு, கைலி மூட்டுத் தையல் மூன்றையும் உள்பக்கம் திருப்பி அழுத்தித் தேய்த்தால் போதும். ஈரக் கைலியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நிற்பவருக்கு எந்த மருந்தும் முழுதாகப் பலிக்காது. கடைக்கு இரண்டாவது கைலி ஒன்று எடுத்துப் போய் மதியம் மாற்றச் சொல்லுங்கள். குளித்தபின் இடுக்கைத் துண்டால் ஒற்றி, ஐந்து நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு கிரீம். துண்டு இருவேறு: படை உள்ள இடத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று.

ஒரு வீட்டில் மூன்று பேருக்கு இருந்தால் மூன்று பேருக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள். அப்பாவை ஆற்றிவிட்டு அம்மாவைத் தொடங்கினால் வட்டம் முடியவே முடியாது.

தெருவில் தண்ணீர் நின்று கால்விரல் இடுக்கு வெளுத்து ஊறிப்போய் வருகிறவர்களுக்கு முதலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 4 லிட்டர் தண்ணீரில், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கத்திரிப்பூ நிறம் வந்தால் தோலைச் சுடும். 15 நிமிடம் கால் வைத்து, துடைத்து, காய்ந்தபின் கிளோட்ரிமசோல். விரல்களுக்கிடையில் பஞ்சுத் துணுக்கு வைத்துப் படுக்கச் சொல்லுங்கள்.


பெகுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டியூப் வந்துவிட்டது: கிளோட்ரிமசோல், பெட்டாமெத்தசோன், ஜென்டாமைசின். மருந்துமேசை சொன்னதுதான்.

மூன்று கேள்வி பாக்கி. பையனின் தலைக்கு என்ன? வேண்டுதலுக்கு அடுத்த மாதம் முடி இறக்கப் போகிறார்கள், அதனால் தானாக ஆறிவிடும் என்று பாட்டி சொல்கிறார். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். இன்னொருவர், படர்தாமரை இல்லை: 55 வயது, சர்க்கரை உண்டு, நெல் வயலில் வேலை. தொடையில் கட்டி, கீறி ஒரு வாரம் அமாக்சிசிலின் கொடுத்தும் வடிகிறது, மாலையில் காய்ச்சல் அடிக்கிறது.


தோல்பக்கம் எழுதியது:

பையனுக்குக் கிரீம் பூசி நேரத்தை வீணாக்காதீர்கள். தலையில் பூஞ்சை முடியின் வேர்க்குழிக்குள் இருக்கிறது, பூச்சு அங்கே போகாது. உள்ளே சாப்பிடும் மருந்துதான். செதிலையும் உடைந்த முடிக்கட்டைகளையும் கண்ணாடிச்சில்லு அக்கா சொன்னபடி பாருங்கள். வீட்டில் பூனை, நாய்க்குட்டி உண்டா என்று கேளுங்கள். அவற்றிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் வகைக்குக் கிரைசியோஃபுல்வின் மேல்: கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் 18 கிலோவுக்கு 360, அதாவது 125 மில்லிகிராம் மாத்திரை மூன்று, பாலோடு அல்லது எண்ணெய்ப் பலகாரத்தோடு, ஆறு முதல் எட்டு வாரம். கொழுப்பு இல்லாமல் கொடுத்தால் உடலில் சேராது. டிரைக்கோஃபைட்டான் என்றால் டெர்பினாஃபின் 20 கிலோவுக்குக் கீழ் 62.5 மில்லிகிராம், 250 மாத்திரையில் கால் பங்கு, நாலு வாரம். அப்பாவின் பூஞ்சை டெர்பினாஃபினுக்கு அடங்குமா என்று தெரியாத நிலையில் இந்தப் பையனுக்கு நான் கிரைசியோஃபுல்வினில் தொடங்குவேன். மருந்தோடு கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் நுரை வைத்துக் கழுவ வேண்டும். அது ஆற்றாது, மற்றப் பிள்ளைகளுக்குப் பரவுவதைக் குறைக்கும்.

முடி இறக்கினால் ஆறாது. வேர்க்குழியில் இருப்பது அப்படியே இருக்கும். இறக்குவதைத் தடுக்கவும் வேண்டாம், பாட்டியோடு சண்டை வேண்டாம். பிள்ளைக்குப் புது பிளேடு, அந்தக் கத்தி அடுத்த தலைக்குப் போகக் கூடாது, அதை மட்டும் உறுதி செய்யுங்கள். தலையில் திட்டு மெத்தென்று வீங்கிச் சீழ் கசிந்தால் கட்டி என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள். அது பூஞ்சைக்கு உடல் காட்டும் கோபம், உள்மருந்தே போதும். கீறினால் முடி முளைக்காத தழும்புதான் மிஞ்சும்.

சீமை அகத்தி இலையில் பூஞ்சையை அடக்கும் சத்து உண்டு, மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். கை, கால், முதுகில் சின்ன ஒற்றைப் படைக்குப் பூசட்டும். இடுக்கில் எரிச்சல் தரும். இவ்வளவு பரந்த படைக்கு அது ஈடுகொடுக்காது. எதைப் பூசினாலும் கடையின் மூன்று மருந்து கிரீமைவிட இலை கெடுதல் குறைவு.

அந்த 55 வயதுக்காரரைத்தான் நீங்கள் கேள்வியின் முதலில் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை, வயல், மழைக்காலம், கீறியும் வடிகிற கட்டி, காய்ச்சல்: மெலியாய்டோசிஸ் என்று நினைத்துக்கொண்டே நடக்க வேண்டும். இதை உலகில் முதன்முதலில் விவரித்ததே ரங்கூனில்தான். ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃப்ரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912-இல் எழுதினார்கள். விட்மோர் நோய் என்ற பெயர் நிற்கிறது, கிருஷ்ணசாமியின் பெயர் காணாமல் போய்விட்டது. பர்கோல்டேரியா சூடோமல்லி என்ற கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, கால் வெட்டுக்காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ ஏறும். தோலில் வெறும் கட்டியாகத் தெரியும்போதே நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டியிருக்கலாம். அமாக்சிசிலின் அதைத் தொடாது. ஜென்டாமைசினும் பெரும்பாலும் பலிக்காது. மருத்துவமனையில் செஃப்டாசிடிம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம் தேவைப்படும். முகாமில் இன்னொரு வார மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். இன்றே இரத்தமும் சீழும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுக்கக்கூடிய பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, உங்கள் வரிசைக்குப் பொதுவாக. அரிக்காத, செதில் விடாத, வெளிறிய திட்டு வந்தால் படர்தாமரைக் கிரீம் கொடுக்கும் முன் பஞ்சு நுனியைத் திரித்துக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோய்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். முதுகிலும் தோளிலும் மாவுபோல் உதிரும் வெளிறிய திட்டு, தொட்டால் தெரிகிறது, அது தேமல். செலினியம் சல்ஃபைடு 2.5 சதவீதம் பத்து நிமிடம் வைத்துக் கழுவ, ஏழு நாள். தேமலுக்கு டெர்பினாஃபின் மாத்திரை வேலை செய்யாது. கிருமி செத்தபிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி வருவார்கள்.


கண்ணாடிச்சில்லு எழுதியது:

அந்தச் சீழ் பற்றி மட்டும். ஆய்வகச் சீட்டில் "சீழ், கல்ச்சர்" என்று மொட்டையாக எழுதி அனுப்பாதீர்கள். "சர்க்கரை நோயாளி, வயல் வேலை, மெலியாய்டோசிஸ் சந்தேகம்" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டாம் நாள் தட்டில் முளைப்பதைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு என்று வீசிவிடுவார்கள். எழுதினால் ஆஷ்டவுன் அகாரில் (இந்தக் கிருமியைப் பிரித்து வளர்க்கும் ஊடகம்) போட்டு ஏழு நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். குச்சியில் தொட்டு எடுக்காமல் சிரிஞ்சில் உறிஞ்சிய சீழ் அனுப்புங்கள், இரத்தமும் கூடவே. ஐஸில் வைக்க வேண்டாம்.

ஆய்வகத்துக்குப் போன் செய்து முன்கூட்டியே சொல்லியும் விடுங்கள். இந்தக் கிருமி வளர்ந்த தட்டில் மண்வாசனை வரும் என்று பழைய ஆட்கள் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். மூச்சு வழியாக ஏறுகிற கிருமி இது.